மருந்து சலிக்கும் அறை

பட்டாசு ஊருக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகம். ஊரார் நிலம் கொடுத்துத்தான் அது எழுந்தது. இப்போது அந்த ஊரார் உள்ளே போக வேண்டுமென்றால் வாசலில் நின்று கெஞ்ச வேண்டும்.

அங்கே பேராசிரியராக இருந்த தவசிலிங்கம், மலையடி மடத்துச் சாமிக்குச் சீடர். சாமி அவரைவிட வயதில் சின்னவர்.

"ஒரே குழப்பமா இருக்கு சாமி," என்றார் ஒரு நாள்.

"நிறையப் படிச்சா அப்படித்தான். சொல்லுங்க வாத்தியாரே."

"பட்டாசு மருந்து சலிக்கிற பிளாஸ்டிக் சல்லடை இருக்கே, உரச உரச அதுல மின்சாரம் ஏறுது. காத்து காஞ்சிருந்தா பொறி விழும். அதுக்குப் பதிலா பொறி விழாத வேற சல்லடை செஞ்சுட்டோம்."

"நல்ல காரியம். குடுத்தாச்சா?"

"இல்ல சாமி. காப்புரிமை வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. உரிமை கைக்கு வந்தா பெரிய கம்பெனி ஒண்ணு இங்கேயே தொழிற்சாலை போடும். பின்னாலேயே நாலு கம்பெனி வரும். நம்ம பிள்ளைங்க வெடிமருந்தைத் தொடாமலே பிழைக்கலாம். பழைய சல்லடை ஆபத்துன்னு இப்ப சொன்னாலே போட்டிக்காரன் மோப்பம் பிடிச்சிருவான். அப்புறம் எவனும் வரமாட்டான். பொறுக்கவா, சொல்லவா?"

சாமி எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பேராசிரியர் பின்னால் போனார்.

ஊர்க் கடைசியில் ஒரு பட்டாசு ஆலை. காவலாளி கும்பிட்டு வழிவிட்டார். மருந்து சலிக்கும் அறையில் வேலுத்தாய் என்ற பெண் தனியாகக் குந்திச் சலித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வெள்ளி நிறத் தூள். சாமி உள்ளே போய் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"என்ன சாமி, வேலைக்குச் சேந்துட்டீகளா?"

"சோறு போடுவாங்களா?"

"நல்லாப் போட்டாக! தூக்குச்சட்டி நாமதான் கொண்டாரணும்."

சாமி சிரித்தார். இன்னொரு பிளாஸ்டிக் சல்லடையைக் கையில் எடுத்தார்.

வாசலில் நின்ற பேராசிரியருக்கு வியர்த்தது. வெளியே காற்று காய்ந்து கிடந்தது.

"சாமி, எந்திரிச்சு வாங்க."

"நீங்க போங்க. உரிமை வந்ததும் சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் சலிக்கிறேன்."

சாமி மருந்தை அள்ளிப் போட்டார்.

"ஐயோ, ஆட்டாதீங்க! சல்லடை பத்திக்கும் சாமி!"

அலறல் ஆலை முழுக்கக் கேட்டது. வேலுத்தாயின் கை நின்றது.

"பத்திக்குமா? இதா? எப்பருந்து தெரியும் சார்?"

"தையிலேர்ந்து..."

"மாசியிலதான எங்கக்கா கருகிப்போனா. அவளும் இதத்தான ஆட்டிக்கிட்டு இருந்தா."



சாமி சல்லடையை மெல்லக் கீழே வைத்தார்.

"இவ்வளவு பெரிய குரலை வெச்சுக்கிட்டா வாத்தியாரே, மாசியில சும்மா இருந்தீங்க?"