வாளி எந்தப் பக்கம்

"ஒரு பொண்ணால என் மானம் போகப்போகுது டீச்சர்."

ஞானசெல்வம் வாத்தியார் இன்னும் உட்காரக்கூட இல்லை. சனிக்கிழமை மத்தியானம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மெஹருன்னிசா டீச்சர் வகுப்புத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைவிட இவருக்குப் பதினேழு வயது கூடுதல். இருந்தால் என்ன? அந்த ஒன்றியத்தில் கணக்குப் பாடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற வாத்தியார்கள் எல்லாரும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

"யாரு சார் அந்தப் பொண்ணு?"

"செண்பகா. மூணாம் வகுப்பு."

திங்கட்கிழமை கல்வி அதிகாரி ஞானசெல்வத்தின் வகுப்பைப் பார்க்க வருகிறார். கையோடு ஒரு குட்டி வண்டி கொண்டுவருவார். முன்னே போ, வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று பிள்ளைகள் எந்த வரிசையில் அட்டை வைக்கிறார்களோ, அந்த வரிசையில் வண்டி ஓடும். அதுவரைக்கும் தரையில் சாக்பீஸ் கட்டம், வண்டிக்குப் பதில் தீப்பெட்டி. அட்டை சரியா தப்பா என்று ஞானசெல்வம்தான் சொல்லவேண்டும்.

"மத்த பிள்ளைங்க நான் தப்புன்னு சொன்னதும் மாத்திக்குதுங்க. இவ மட்டும் மாத்த மாட்டேங்கிறா. கேட்டா, 'இங்க வந்து பாருங்க சார்'ங்கிறா. எவ்வளவு கொழுப்பு பாருங்க."

"போய்ப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் போகணும்? இருபத்திரண்டு வருஷமா கரும்பலகைகிட்ட நின்னு பாடம் நடத்தறேன். அங்கேருந்தே எனக்கு எல்லாம் தெரியும்."

டீச்சர் துணியை வாளியில் பிழிந்தாள்.

"திங்கக்கிழமை என்ன செய்யப்போறீங்க?"

"அவளை லீவு போடச் சொல்லிட்டேன்."

"அழுதாளா?"

"இல்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "அட்டையெல்லாம் அடுக்கி என் மேசையில வச்சா. இனிமே கணக்கு வகுப்புக்கே வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

அது அவரை உறுத்தியது. உறுத்தாமலா மனுஷன் மொட்டை வெயிலில் ஒன்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்?

டீச்சர் சாக்பீஸை எடுத்தாள். தரையில் கட்டம் போட்டாள். கரும்பலகையைப் பார்த்த மாதிரி ஒரு தீப்பெட்டியை வைத்தாள். வாளியைத் தூக்கி ஒரு கட்டத்தில் வைத்தாள். தன் பிள்ளைகளின் அட்டைக் கட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"தீப்பெட்டிக்குப் பின்னாடி உட்காருங்க சார். வண்டி வாளிகிட்ட போகணும். அட்டை வைங்க."

அவள் கரும்பலகையை ஒட்டிப் போய், அவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

ஞானசெல்வத்துக்குச் சிரிப்பு வந்தது. முன்னே இரண்டு கட்டம், வலப்பக்கம் திரும்பு, முன்னே ஒரு கட்டம். பச்சைப்பிள்ளைக் கணக்கு.

"தப்பு," என்றாள் டீச்சர்.

"எது தப்பு?"

"இடப்பக்கம் திரும்பணும்."

அவர் வாளியைப் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார். வாளி அந்தக் கைப் பக்கம்தான் இருந்தது.

"வலப்பக்கம்தான் டீச்சர்."

"தப்பு. மாத்தி வைங்க."

"சரியாத்தானே வச்சிருக்கேன்."

"பிடிவாதம் பண்ணாதீங்க சார். எனக்கு இங்கேருந்தே தெரியுது."

ஞானசெல்வத்துக்குக் காது சூடேறியது. விளையாடுகிறாளா இவள்? ஐம்பது வயசு ஆளைத் தரையில் உட்காரவைத்து, கண்ணுக்கு நேரே இருப்பதை இல்லை என்று சாதிக்கிறாளே. அவர் கை, அவரைக் கேட்காமலே, அந்த அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"மாத்தமாட்டேன்."

"அப்போ திங்கக்கிழமை நீங்க லீவு போட்டுடுங்க."

அவ்வளவுதான். பொறுமை போய்விட்டது.

"இங்க வந்து பாருங்க டீச்சர்!"

சொன்ன வாய் அப்படியே நின்றது.

டீச்சர் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். 

ஞானசெல்வம் வாளியைப் பார்த்தார், எதிரே நிற்கிற டீச்சரின் இடது கையைப் பார்த்தார். கையில் இருந்த அட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, செண்பகாவின் அப்பாவைக் கூப்பிட்டார்.

"செண்பகாகிட்ட குடுங்க."

அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"திங்கக்கிழமை வாம்மா."

"லீவுன்னு சொன்னீங்களே சார்."

"வா. வந்து, நான் எங்க நிக்கணும்னு சொல்லு."