சவாட் மாமாவின் லாரி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போது கிடையாது. ரங்சனே அதற்காகப் பதினாலு நாள் காத்திருந்தான். நாம் நாலு நிமிஷம் காத்திருந்தால் குறைந்தா போய்விடுவோம்?

ரங்சன் தாய்லாந்தின் சண்டைப்பட நடிகன். முழங்காலை மடக்கி அவன் காற்றில் எழும்பினால், பாங்காக் தொடங்கி எல்லையோர ஊர்க் கொட்டகை வரை ஜனங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். பத்தொன்பது படம். பத்தொன்பது போஸ்டரிலும் அடியில் ஒரே வாசகம்: கயிறு இல்லை, டூப் இல்லை, பயம் இல்லை.

இருபதாவது படத்தில் சந்தைக் கூரையிலிருந்து குதித்தான். இடுப்பெலும்பு முறிந்தது.

பதினோரு மாதம் கழித்து டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எலும்பு பிரமாதமா ஒட்டிடுச்சு. இனிமே இதுல எனக்கு வேலை இல்லை" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய், குளியலறை முக்காலி மேல் ரங்சன் ஏறி நின்றான். ஒரு முழ உயரம். குதித்தால் போதும். கால் இரண்டும் மரத்துப்போயின. சுவரைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குழந்தை கட்டிலிலிருந்து இறங்குவது போல இறங்கினான்.

தயாரிப்பாளர் மூக்கால் பேசுகிறவர். "வருத்தப்படாதே கண்ணு. பதினேழு நாள்ல ஷூட்டிங். டூப் ஒருத்தரைப் பார்த்து வச்சிட்டேன். முதுகைக் காட்டி எடுத்தா எவனுக்குத் தெரியப்போவுது?"

"போஸ்டர்ல என்ன போடுவீங்க?"

"வழக்கமாப் போடறதுதான்."

போஸ்டர் வாசகத்தில் மூன்றாவதாக இருப்பது ஏற்கெனவே பொய்யாகிவிட்டது. நடுவில் இருப்பதும் பொய்யானால் அவன் கேமரா முன்னால் நிற்கப்போவதில்லை. மறுநாள் காலையில் கொன் கேன் ஊருக்கு வண்டியை விட்டான்.

கொன் கேனுக்கு வெளியே ஒரு பழைய அரிசி ஆலை. அதில் க்ரூ கொப் பள்ளிக்கூடம் நடத்தினாள். க்ரூ என்றால் குருதான், அந்த ஊர் உச்சரிப்பில். கொப் என்றால் தவளை. அங்கே பிள்ளைகளுக்குக் கோழி, பன்றி, தவளை என்று செல்லப்பெயர் வைப்பது சகஜம். வளர்ந்த பிறகும் அதுவே ஒட்டிக்கொள்ளும். அடிப்பதற்குக் கற்றுத்தர அந்த நாட்டில் ஆயிரம் பேர் உண்டு. விழுவதற்குக் கற்றுத்தர இவள் ஒருத்தி. மாடியிலிருந்து, குதிரையிலிருந்து, ஓடுகிற வண்டியிலிருந்து. குறும்புக்காரி வேறு. ஒருமுறை டைரக்டரின் குரலில் "சாப்பாட்டு பிரேக்" என்று கத்தி, பதினோரு மணிக்கே யூனிட் மொத்தத்தையும் தட்டோடு நிற்க வைத்தவள்.

வயதில் ரங்சனைவிட ஏழு வருஷம் சின்னவள். அங்கே சின்னவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும். ஆனால் குருவுக்குச் சிஷ்யன்தான் முதலில் கைகூப்ப வேண்டும். வாசலில் இரண்டு பேரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். கடைசியில் ரங்சன் கூப்பினான்.

"வாங்கண்ணே" என்றாள் க்ரூ. "பூ எங்கே?"

குருவிடம் சேரும் நாளில் மூன்று கொடுப்பது அங்கே வழக்கம்: அருகம்புல், வெட்சிப்பூ, கத்தரிப்பூ. ரங்சன் முதல் இரண்டையும் நீட்டினான்.

"கத்தரிப்பூ கிடைக்கலை, க்ரூ. ரெண்டு சந்தையில தேடிட்டேன்."

"தேடாதீங்க. அது தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கிற பூ. நிமிர்ந்து நடந்தா கண்ணுல படாது."

ரங்சன் நேராக விஷயத்துக்கு வந்தான். "பயம் போக என்ன வழி, க்ரூ?"

"அன்னைக்குக் கூரையில என்ன ஆச்சு?"

"கடைசி நிமிஷத்துல இடத்தை மாத்தினேன். நாலடி இடது பக்கம். அங்கே வெளிச்சம் நல்லா இருந்துச்சு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"டைரக்டர்கிட்ட. கேமராமேன்கிட்ட. லைட்காரர்கிட்டகூட."

"கீழே மெத்தையும் அட்டைப்பெட்டியும் அடுக்கினாங்களே, அவங்ககிட்ட?"

ரங்சன் செருப்பைப் பார்த்தான்.

"பத்தொன்பது படத்துல உங்களுக்கு மெத்தை போட்டவங்க பேரு ஏதாவது ஒண்ணு தெரியுமா?"

தெரியாது.

"சரி, விடுங்க. எனக்கு ஒரு ஜோக் தெரியும். கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பீங்க. அதைச் சொல்றேன்."

"இப்பவா?"

"இப்பவே." அவள் ஆலையின் நடுவிலிருந்த ஏணியில் முதல் படியில் உட்கார்ந்தாள். பதினாலு படி ஏணி. உச்சியில் குறுக்கே ஒரு மர உத்தரம். "ஒரு தவளை வைத்தியர்கிட்ட போச்சு."

"ம்."

"அவ்வளவுதான். மீதி நாளைக்கு. இப்ப வேலை இருக்கு. பின்கட்டுல உமி மலை மாதிரி கிடக்கு. செங்கல் சூளைக்கு ஏத்திக்கிட்டுப் போக லாரி வருது. மூட்டையில அள்ளிக்கிட்டு வந்து இங்கே, ஏணிக்குப் பக்கத்துல கொட்டணும்."

"இதுதான் பயிற்சியா?"

"சேச்சே. இது வேலை. ஆள் இல்லை, அதான்."

ஒரு தேசமே போஸ்டர் ஒட்டிய மனிதன் கோணிப்பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

மதியம் க்ரூ சோறு வாங்கிவரக் கடைக்குப் போனாள். ஆலையின் பழைய தொலைபேசி அடித்தது. ரங்சன் எடுத்தான். மறுமுனையில், வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசுகிற கட்டைக் குரல்.

"யாரு தம்பி அது? நான் சவாட் பேசறேன். லாரிக்காரன்."

"க்ரூ கடைக்குப் போயிருக்காங்க, மாமா."

"உன்கிட்டயே சொல்றேன். நாளைக்குக் கட்டாயம் வந்துடறேன். உமியை வெறுந்தரையில கொட்டாதே, ஈரம் ஏறும். அடியில இடுப்பளவு வைக்கோலைப் பரப்பிட்டுக் கொட்டு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா."

கொட்டியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, வைக்கோல் பரப்பி, மறுபடி கொட்டினான் ரங்சன்.

மறுநாள் லாரி வரவில்லை. க்ரூ இரண்டாம் படியில் உட்கார்ந்தாள். "அந்த வைத்தியர் யாருன்னா, நாரை."

மூன்றாம் நாள் மூன்றாம் படி. "நாரை, வாயைத் திறன்னுச்சு. தவளை சொல்லுச்சு, முதல்ல நீங்க மூடுங்க."

ரங்சனின் உதடு லேசாகக் கோணியது.

"இதுக்கா சிரிக்கிறீங்க? இது முன்னுரை."

மதியம் தொலைபேசி. "தம்பி, சவாட். டயர் பஞ்சர். நாளைக்குக் கட்டாயம் வந்துடறேன். உமியில கல்லு, ஆணி இருந்தாப் பொறுக்கிடு. போன தடவை சூளைக்காரன் என்னை வஞ்சுட்டான்."

"சரி மாமா."

"மேலோட்டமாப் பார்க்காதே. கையை உள்ளே விட்டுப் பாரு."

ரங்சன் கையை உள்ளே விட்டுப் பார்த்தான். இரண்டு ஆணி, ஒரு உடைந்த பீங்கான் துண்டு கிடைத்தன. கிடைத்தபோது அவனுக்கே காரணம் தெரியாத ஒரு திருப்தி.

படி ஏற ஏற க்ரூவின் குரல் சிறுத்துக்கொண்டே போனது. ஐந்தாம் படியில் அவள் முணுமுணுத்தது தரைக்கு எட்டவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"கத்த முடியாது, தொண்டை கட்டிக்கிச்சு. வேணும்னா பக்கத்துல வாங்க."

ரங்சன் இரண்டு படி ஏறினான். ஏணியின் கால்களை முஷ்டி வெளுக்கப் பிடித்திருந்தான். தரையைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்தான்.

"உனக்கு என்ன கஷ்டம்னு நாரை கேட்டுச்சு. தவளை சொல்லுச்சு: குதிக்க வரலை."

ரங்சன் முறைத்தான். "இது எங்கேயோ இடிக்குதே."

"தவளைக் கதைங்க. குதிக்கிறதைத் தவிர அதுக்கு வேற என்ன கஷ்டம் வரும்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

லாரி வரவில்லை. சவாட் மாமாவின் மைத்துனிக்குக் கல்யாணம். பிறகு சவாட் மாமாவுக்குப் பல்வலி. ஒவ்வொரு சாக்கோடும் ஒரு கட்டளை வந்தது. உமி நடுவில் பள்ளம் விழக்கூடாது. ஓரம் சரியக்கூடாது. நாளுக்கு இரண்டு தடவை கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிப்போகும். தொலைபேசி எப்போதும் க்ரூ கடைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் அடித்தது. அதைக் கவனிக்க ரங்சனுக்கு எங்கே நேரம்? அவன் மண்வெட்டியும் கையுமாக இருந்தான். மெத்தை மாதிரி இருக்க வேண்டும் என்று சவாட் மாமா சொன்னால் மெத்தை மாதிரி இருக்க வேண்டும். ராத்திரி படுக்கும்போதுகூட, கிழக்கு ஓரம் சரிந்திருக்குமோ என்றுதான் யோசித்தான். முக்காலியைப் பற்றி நினைக்கவில்லை.

ஒன்பதாம் நாள், பின்கட்டில் சிதறிய உமியைக் கூட்டக் குனிந்தவன் அப்படியே நின்றான். சுவரோரம் ஒரு கத்தரிச்செடி. தினமும் பத்துத் தடவை அதைத் தாண்டி மூட்டை சுமந்திருக்கிறான். பூவைப் பறித்துக்கொண்டுபோய்க் கொடுத்தான். க்ரூ காதோரம் செருகிக்கொண்டாள்.

பதிமூன்றாம் நாள், பதிமூன்றாம் படி. ரங்சன் பதினோராம் படியில் வியர்த்து வழிய நின்றான்.

"எப்பலேருந்து குதிக்க வரலைன்னு நாரை கேட்டுச்சு. 'எந்நேரமும் குதிக்கிற தவளை'ன்னு குளத்தைச் சுத்திப் போஸ்டர் ஒட்டினதிலேருந்துன்னுச்சு தவளை."

"இது என்னைத்தான் க்ரூ."

"கடைசி வரியைக் கேட்டுட்டு அப்புறம் கோவிச்சுக்குங்க. நாளைக்கு முடிஞ்சுடும். சத்தியம்."

பதினாலாம் நாள் அவள் உத்தரத்தின் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். ரங்சன் ஏணியின் உச்சியில் நின்று, ஒரு கையால் உத்தரத்தைக் கட்டிக்கொண்டான்.

"நாரை ரொம்ப நேரம் யோசிச்சுது" என்றாள் க்ரூ, அவன் காதருகே. "யோசிச்சுட்டு, ஒரே ஒரு மருந்துதான் இருக்குன்னுச்சு. அது என்னன்னா..."

பக்கவாட்டில் சாய்ந்து குதித்துவிட்டாள்.

உமி புஸ்ஸென்று எழும்பி அடங்கியது. அதன் நடுவில் மல்லாந்து கிடந்தபடி அவள் கடைசி வரியைச் சொன்னாள். உதடு அசைவது தெரிந்தது.

"கேக்கலை, க்ரூ."

மறுபடி உதடு அசைந்தது. சொல்லிவிட்டு அவளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"க்ரூ, பதினாலு நாள். கேக்கற மாதிரி சொல்லுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை, அதே சின்னக் குரலில் சொன்னாள்.

ரங்சன் உத்தரத்தில் ஒரு காலை வைத்தான். கீழே பார்த்தான். நடுவில் பள்ளமில்லை. கிழக்கு ஓரம் சரியவில்லை. உள்ளே ஆணி கிடையாது. அது அவனுக்குத் தெரியும். குதித்தான்.

அவள் பக்கத்தில் விழுந்து, மூக்கிலும் காதிலும் உமியோடு எழுந்து உட்கார்ந்தான்.

"கடைசி வரி என்ன?"

"எனக்கும் தெரியாதுண்ணே. தவளை இப்பத்தானே குதிச்சிருக்கு."

ரங்சன் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தான். பதினாலு படி. குனிந்து, தான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். ஒரு கை உமியை அள்ளி விரல் நடுவே விட்டான்.

"அப்போ, சூளைக்கு லாரி..."

க்ரூ கொப் எழுந்து, பாவாடையை உதறி, இல்லாத வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் கட்டாயம் வந்துடறேன், தம்பி" என்றது அந்தக் கட்டைக் குரல். "நீ அதை நல்லாக் கிளறி விட்டு வை. காலையில வேற ஆள் குதிக்கணும். வந்தா முதல்ல பேரைக் கேட்டுக்க."

ரங்சன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் குலுங்கியது அவன் தோள்தான்.