தண்ணீர் குடிக்காத எலி

"தாகத்தோட போனவளுக்குத் தண்ணி கொடுக்காதது பாவமா, அம்மா?"

கேட்டவர் பிச்சைக்கனி. வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் மோட்டார் போட்டு ஊருக்கே தண்ணீர் விட்டவர்.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளும் அவர் மனைவி தண்ணீர் கேட்டாள். கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். அவரும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வாய் தண்ணீரும் அவருக்குத் தொண்டையில் நின்றது.

இசக்கியம்மை அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். தேரிக்காட்டுச் செம்மணலில் குடிசை போட்டுத் தனியாக இருந்தாள். மனபாரத்தோடு இருப்பவர்கள் அவளைத் தேடி வருவார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அந்தப் புதர் பக்கத்துல ஒரு மணல் எலி வளை இருக்கு, அண்ணாச்சி. தேரியைச் சமப்படுத்தி முந்திரி வச்ச பெறவு, இங்க மிஞ்சுனது ஒரு தாயும் அது குட்டிகளுந்தான். கொஞ்ச நாள் பாத்துக்கிடுங்க."

எலிக்குக் காவல் இருக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனார். பழக்கம் விடுமா? வளைக்கு முன்னால் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தார்.

மூன்று நாளும் தண்ணீர் அப்படியே இருந்தது. சின்னக் கால்தடங்கள் சிரட்டையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன.

"குடிக்க மாட்டேங்கும்மா."

"அது பொறந்ததுலேர்ந்து தண்ணி குடிச்சதில்ல."

"பின்ன எப்படி உசுரோட இருக்கு?"

"பகல்ல வாசலை மண்ணால அடைச்சுக்கிடும். மூச்சுல வர்ற ஈரம் வெளிய போகாது. சேத்து வச்ச விதை அந்த ஈரத்தை வாங்கிக்கிடும். அந்த விதையை இது திங்கும்."

அவர் நம்பவில்லை.

நான்காம் நாள் உச்சி வெயிலில் மணல் கொதித்தது. வளை அடைத்துக் கிடந்தது. உள்ளே குட்டிகளோடு நாவறண்டு கிடக்குமே என்று நினைத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. செம்பு நிறையத் தண்ணீரோடு போய், அடைப்பை விரலால் தள்ளிவிட்டு, செம்பைச் சாய்த்தார்.

ஒரு கை வந்து செம்பின் வாயை மூடியது.

"ஊத்துனா குட்டியெல்லாம் மூழ்கிரும், அண்ணாச்சி."

பிச்சைக்கனி செம்பை நிமிர்த்தினார். வளைக்குள் மணல் அசைந்தது. தாய் எலி தன் வாசலை மறுபடியும் அடைத்துக்கொண்டிருந்தது. அது அடைத்து முடிக்கிறவரை இருவரும் பார்த்திருந்தார்கள்.

"அவ கேட்டுக்கிட்டே இருந்தா, அம்மா."

"நீங்க என்ன செஞ்சிய?"

"ஈரத்துணியால உதட்டைத் தொடச்சேன். கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"நீங்க தண்ணி குடிச்சியளா?"

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் யோசித்துப் பார்த்தார்.

"இல்ல. ரெண்டு நாளும் குடிக்கல. அவ கேக்கும்போது நான் எப்படிம்மா குடிப்பேன்?"

சொல்லிவிட்டு அவர் அழுதார்.

இசக்கியம்மை செம்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"கையை ஏந்துங்க."

ஏந்தினார். அவள் ஊற்றினாள்.

"நீங்களும் குடிக்காம இருந்ததை மதினி பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்திருப்பா. குடிங்க."