பெட்ரோல் குச்சி

குற்றாலத்து மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்தி வந்தவர் வடிவம்மை. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்த காந்திமதிநாதனுக்கோ தகப்பன் வயது. மனைவி உலகம்மாள் போன பிறகு வந்து சேர்ந்தவர்.

வரும்போது ஓடாத ஒரு பழைய ஃபியட் காரையும் கொண்டுவந்தார்.

"எல்லாரும் வீடு வாசலை விட்டுட்டு வருவாக. அண்ணாச்சி காரைக் கயிறு கட்டில்லா இழுத்துட்டு வந்திருக்காக!" என்றார் சமையல்கார மாசானம்.

காந்திமதிநாதன் சிரிக்கவில்லை. மாசானமும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உலகம்மாளுக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் அந்தக் கார் நின்றுபோனது. பானெட்டைத் திறந்து இவர் எதையெதையோ தொட்டுப் பார்த்தார். ஒரு ஆட்டோ வந்து சேர்வதற்குள் பின்சீட்டில் அவள் மூச்சு அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். கார் ஏன் நின்றது? எந்த மெக்கானிக்கையும் தொடவிடவில்லை. தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று இருந்தார். வருஷங்கள் போயின. கார் மடத்துப் புங்கமரத்தடியில் சருகு மூடிக் கிடந்தது.

ஒருநாள் தென்காசிக்குப் போனவர் இரண்டு ரிப்பேர் புத்தகங்களோடு திரும்பினார். இரண்டும் பழசு. ஒன்று இங்கிலீஷில், தலையணை கனம். மற்றது தமிழில், அட்டை கிழிந்து மெலிசாக இருந்தது. பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"அம்மா, இதுல எதை வச்சுக்கிட?"

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஓடுற வண்டி நின்னுட்டா என்ன செய்யணும்னு இருக்கும்லா? ரெண்டுலயும் அந்தப் பக்கத்தை வாசிங்க."

காந்திமதிநாதன் கனத்த புத்தகத்தைப் பிரித்து, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். "பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்க்கவும். பிளக்கைச் சுத்தம் செய்யவும்..."

"அடுத்தது?"

மெலிந்ததைப் பிரித்தார். "பம்பு சரியாக வேலை செய்கிறதா என்று கவனிக்கவும்..."

வடிவம்மை கீரையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக இரண்டு புத்தகங்களையும் பார்த்தார்.

"ஐயா, முதல் வரியை விட்டுட்டீங்களே. அதுலயும் இதுலயும்."

"அது வேண்டியதில்லம்மா."

"டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கவும்னு போட்டிருக்கு."

"அதை அவ பாத்துட்டா."

அந்தக் காரின் பெட்ரோல் முள் செத்துப் பல காலம். தினமும் வாசல் தெளித்த கையோடு டேங்கில் ஒரு மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பது உலகம்மாள்தான். கத்தியால் கோடு கீறி அளவு வைத்திருந்தாள். அன்றைக்கு இவர் குச்சியை எடுக்கப் போனார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நான் பாத்தாச்சு. நீங்க வண்டியை எடுங்க."

"குச்சி எங்க?" என்று கேட்டார் வடிவம்மை.

"டிக்கியில."

"எடுத்துட்டு வாங்க."

அவர் புத்தகத்தை மூடினார்.

"விட்டுப் பாத்தா, நான் அவளை நம்பலைன்னு ஆயிரும்லாம்மா. டேங்க் காஞ்சு கிடந்துச்சுன்னா? அந்த வலியிலயும் என்னை விரசாப் புறப்பட வைக்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கா. அதை நம்பி நான் நடுரோட்டுல..."

வடிவம்மை முன்னால் நடந்து மரத்தடிக்குப் போய் நின்றார். கொஞ்சம் கழித்து இவரும் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனார்.

புத்தகங்களைக் கீழே போட்டுவிட்டு டிக்கியிலிருந்து குச்சியை எடுத்தார். டேங்க் மூடியைத் திருகினார். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெட்ரோல் வாசனையே இல்லை. குச்சியை உள்ளே விட்டார். அடியில் போய் டொக்கென்று இடித்தது.

வெளியே எடுத்தார். உலகம்மாள் கீறிய கடைசிக் கோடுவரைக்கும் காய்ந்திருந்தது.

காந்திமதிநாதன் சருகுமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இல்ல... அவ பாக்கவே இல்ல," என்றார்.

வடிவம்மை உதிர்ந்த ரப்பர் தூளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இது இத்துப்போய் எத்தனை கோடை ஆச்சோ. அன்னைக்கு டேங்க் நிறைய இருந்திருந்தாலும், இன்னைக்கு இப்படித்தான் இருக்கும். ஆவியாப் போயிருக்கும்."

அவர் தூளைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார்.

"அப்ப, அன்னைக்கு இருந்துச்சா இல்லையா?"

"இனி இந்தக் குச்சி சொல்லாது."

"பின்ன யாரும்மா சொல்லுவா? எந்தப் புத்தகத்துல இருக்கும்?"

வடிவம்மை அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் குச்சி விட்டுப் பாத்தது யாரு?"

மரத்திலிருந்து ஒரு இலை காரின் மேல் விழுந்தது.

"உலகம்மா."

வடிவம்மை பக்கத்தில் கிடந்த புத்தகங்களில் ஒன்றை, எது என்று பார்க்காமலே எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"அப்ப பாத்தாச்சு. ரெண்டாவது வரியிலேருந்து வாசிங்க, ஐயா."