புதுமை மண்டபத்தின் கதவு

முன்னொரு காலத்தில், பெயர் சொல்ல ஆள் மிஞ்சாமல் போன ஒரு நாட்டில், ஓர் அரசன் சக்கரம் ஒன்றை விலைக்கு வாங்கினான். அயல்நாட்டு வணிகர்கள் கொண்டுவந்தது. மாடும் ஆளும் இல்லாமல், ஆற்றின் வேகத்திலேயே சுழன்று தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும். விலை நான்கு யானை. யானைகள் எல்லை தாண்டிப் போன அன்று அரசனுக்கு ஒரு விபரீத ஆசை பிறந்தது.

"நம் நாட்டில் மட்டும் ஏன் இப்படி எதுவும் பிறப்பதில்லை? எந்த நாட்டிலும் இல்லாத பொருள் ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வேண்டும்" என்றான்.

சபை தலை குனிந்தது. காரணம், அந்த நாட்டில் புதுமை மண்டபம் என்று ஒன்று இருந்தது. நாட்டின் புதுமைகள் எல்லை தாண்டிப் போய்விடக் கூடாது என்று அரசனின் பாட்டனார் கட்டியது. வாசல் கல்லில் சட்டம் வெட்டியிருந்தது: 'புதுப்பொருள் செய்தவர் அப்பொருளோடு உள்ளே வீற்றிருக்க, அவர் பின்னே கதவு அடைக்கப்படுக.' இதுவரை உள்ளே போனவர்கள் ஏழு பேர். ஏழாமவர் திருமேனி ஆசாரி. போய்ப் பன்னிரண்டு வருடம். அவருடைய தம்பிதான் அரசவை விகடன் உலகளந்தான்.

விகடன் மேல் தீராத பொறாமை கொண்ட அமைச்சர் மழவராயர் எழுந்தார்.

"அரசே, தேடவே வேண்டாம். உலகளந்தானின் அண்ணி மங்காத்தாள் ஒரு பொழுதில் ஆறு வீட்டு நெல்லைக் குத்தித் தருகிறாள். ஒற்றைக் காலால் மிதித்தால் மூன்று உலக்கை விழும் பொறி ஒன்றை அவளே செய்திருக்கிறாள். விகடனே அவளை அழைத்து வரட்டும். அழுகிறவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே வருவான்."

"அப்படியே ஆகட்டும். பொருளும் வேண்டும், செய்தவரும் வேண்டும்" என்றான் அரசன்.

உலகளந்தான் வீட்டுக்குப் போனபோது சேதி அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மங்காத்தாள் தலை வாரி, வெளுத்த சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் இலைப்பொட்டலம்.

"ரெண்டு பேருக்குச் சோறு கட்டிட்டேன் தம்பி. அவருக்குப் பசிச்சிருக்கும்."

உலகளந்தான் அவள் எதிரில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"நாளைக்குப் புதுசாக் கட்டி, பொட்டலத்தை எங்கிட்டக் குடுங்க அண்ணி. நீங்க வர வேணாம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. உச்சி வேளையில் உலகளந்தான் கையில் பொட்டலத்தோடு சபையில் தனியாக வந்து நின்றான்.

"பொருள் எங்கே?" என்றான் அரசன்.

"தூக்கி வரும் அளவில் இல்லை, அரசே. தாங்கள்தான் நடந்து வர வேண்டும்."

ஆசாரிமார் தெருவுக்கு எல்லோரையும் அழைத்துப் போனான். நாற்பது உலைகள் எரிந்துகொண்டிருந்தன. நாற்பது சம்மட்டிகள் ஏறி இறங்கின. ஓசை மட்டும் இல்லை. ஒவ்வொன்றின் தலையிலும் கந்தல் சுற்றியிருந்தது. ஒரு கொல்லர் அருமையான மண்வெட்டி ஒன்றை அடித்து முடித்தார். முடித்த கையோடு அதன் முனையை ஒடித்தார், கரியைப் பூசினார்.

"என்ன செய்கிறாய்?" என்றான் அரசன்.

"பழையதுதான், சாமி."

அடுத்த பட்டறையிலும் கேட்டான். "பழையதுதான், சாமி." அதற்கடுத்த பட்டறையில் கேட்கும் முன்பே பதில் வந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தையின் வலக்கையைத் துணியால் கட்டியிருந்தார்கள். அது அழவில்லை.

அரசன் குரலைத் தாழ்த்தினான். "இது என்ன தெரு?"

"எந்த நாட்டிலும் இல்லாத பொருள், அரசே. நாற்பது உலை எரிந்தும் சத்தமில்லாத தெரு. நாற்பது யானை கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காது. இதைச் செய்த மேதை யார் என்பதுதான் தெரியவில்லை. படைத்தலைவர் என்று ஊரில் பேச்சு."

மழவராயருக்குப் பொறுக்கவில்லை. "படைத்தலைவரா? அவர் இந்தத் தெருவில் காலே வைத்ததில்லை. வீட்டுக்கு வீடு ஒற்றன் வைத்து, இத்தனை வருடம் பாடுபட்டு இதை இப்படி ஆக்கியவன் நான்."

"பொருளும் கிடைத்தது, செய்தவரும் கிடைத்தார். இனிக் கல் சொல்வதுதான்" என்றான் உலகளந்தான்.

கல்லில் வெட்டியதை மீற அந்த நாட்டில் அரசனுக்கும் உரிமை இல்லை. மண்டபத்தைத் திறந்தார்கள். உள்ளே ஏழு பொருள்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கை கிடந்தது. எலும்பும் துணியுமாக ஏழு பேரும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். ஏழாவது பொருளின் மேல் வெளிச்சம் விழுந்தது. அது ஒரு நீர்ச்சக்கரம். வணிகர்கள் விற்ற அதே சக்கரம்.

"நான்கு யானை" என்று முணுமுணுத்தான் அரசன். பிறகு, "இவர்களுக்குச் சோறு?" என்றான்.

"கல்லில் சோற்றைப் பற்றி எழுதவில்லை, அரசே" என்றார் மழவராயர்.

உலகளந்தான் பொட்டலத்தை அண்ணன் எதிரில் வைத்துப் பிரித்தான். "நேரமாயிடுச்சுண்ணே" என்றான்.

மழவராயர் அரசன் காலைக் கட்டிக்கொண்டார். அரசன் விகடனைப் பார்த்தான்.

"கேட்டதைக் கொண்டுவந்தாய். பரிசு என்ன வேண்டும்? எதுவானாலும் தருகிறேன்."

"இந்தக் கதவு வேண்டும்."

"சாவியா?"

"சாவி போனால் வேறு சாவி வரும். இரண்டு கதவையும் கழற்றிக் கொடுங்கள். நல்ல தேக்கு."

"இந்த வாசலுக்கு?"

"வேறு கதவு செய்யலாம். ஆனால் அது புதுப்பொருள் ஆயிற்றே. செய்த ஆசாரி அதோடு உள்ளே போக வேண்டும். அவர் பின்னே அடைக்க இன்னொரு புதுக்கதவு வேண்டும். அதைச் செய்தவரும் உள்ளே போக வேண்டும்."

அரசன் சிரித்தான். சிரிப்பு மண்டபத்துக்குள் போய் ஏழு முறை திரும்பி வந்தது. ஏழாவது கொஞ்சம் தாமதமாக வந்தது.

கதவைக் கழற்றினார்கள். சட்டப்படி மழவராயர் உள்ளே போனார். அடைக்க எதுவும் இல்லாததால் சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார். அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

கதவு வீட்டுக்கு வந்ததும் மங்காத்தாள் அதன் உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள். ஆணியால் கீறிய கோடுகள். இருட்டில் கையாலேயே அளந்து கீறியவை. ஒரு சக்கரம். அவர் முன்பு செய்ததைவிட இரண்டு ஆரக்கால் குறைவு.

"இப்படிச் செஞ்சா இன்னும் லேசாச் சுத்தும்" என்றாள். சம்மட்டியை எடுத்துக் கந்தலை அவிழ்த்தாள். முதல் அடியில் தெருவே விறைத்து நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் பயந்து பயந்து கேட்டது: "என்ன மதினி, பழையதுதானே?"

"இல்ல" என்றாள். "புதுசு."