கறுப்புக்கு மேல்

அந்தச் சாயப்பட்டறையில் மரகதமணிதான் மாஸ்டர். வயது முப்பத்து நான்கு. தறியை விற்றுவிட்டு அவரிடம் சாயத்தொழில் கற்க வந்த நாச்சிமுத்துவுக்கு நாற்பத்தாறு.

அன்று மெஷினிலிருந்து ரோஸ் துணி வெளியே வந்தது. நெடுகத் திட்டுத் திட்டு. மரகதமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உப்பை எப்பண்ணா போட்டீங்க?"

"சாயத்தோடயே கொட்டீட்டனுங்க மாஸ்டர். பிரிச்சுப் பிரிச்சுப் போட்டா நேரமாகுதுங்க."

"நேத்துத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!"

"விடுங்க மாஸ்டர். கறுப்புல போட்டுட்டாப் போச்சு."

சாயப்பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி அது. எந்த நிறம் கெட்டாலும் மேலே கறுப்பை ஏற்றிவிடலாம். அந்த மாதம் நாச்சிமுத்து போட்ட மஞ்சள் கறுப்பாயிற்று. பச்சையும் கறுப்பாயிற்று. இப்போது ரோஸ். மூன்றுக்கு மேல் கெட்டால் ஆளை அனுப்பிவிடுங்கள் என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார். மனுஷனோ காதில் போட்டுக்கொண்டால்தானே!

அந்த நேரம் பார்த்துக் கேட்டாரே ஒரு கேள்வி.

"எனக்கு எப்ப மாஸ்டர் தனியா மெஷின் குடுப்பீங்க?"

மரகதமணி தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னிக்கே. மூணாம் நம்பர் மெஷின். புதுத்துணி, கறுப்பு ஆர்டர். நான் பக்கத்துலயே வர மாட்டேன். இதுவும் கெட்டா உங்களை நாளைக்கு வர வேண்டாம்னுட்டாரு முதலாளி."

"கறுப்புத்தானுங்களே!" சிரித்துக்கொண்டே போனார் நாச்சிமுத்து.

அரைமணி கழித்து மரகதமணி தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். சிரிப்பைக் காணோம். நாச்சிமுத்து உப்பை நாலு பங்காகப் பிரித்து வைத்திருந்தார். சூடு காட்டும் மீட்டரை விட்டுக் கண் நகரவில்லை. வாங்கி வைத்த டீ ஏடு கட்டிக் கிடந்தது.

"என்னங்ணா, கறுப்புக்கு இத்தனை பயமா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இது திட்டாப் போனா மேல ஏத்த வேற கலர் இல்லீங்களே மாஸ்டர்!"

மரகதமணி தன் வேலைக்குத் திரும்பினார்.

சாயங்காலம் துணி வந்தது. உலர்த்திப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கறுப்பு. தேடினாலும் ஒரு திட்டு இல்லை. நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"கும்புடறனுங்க மாஸ்டர். இனி எனக்குக் கறுப்பு மட்டும் வேண்டாமுங்க. பழையபடி ரோஸே குடுத்துருங்க."

மரகதமணி பெருமூச்சு விட்டார்.

"குடுக்கறேன்ணா. அதையும் கறுப்புன்னு நெனச்சே போடுங்க."