இன்று எந்தத் தெருவில் கரண்ட் இல்லை?

“மின்தடைப் பட்டியலை இந்தக் காலத்துல எவன் படிக்கிறான்? நம்ம ஆப்பைத் திறக்கவே ஆள் இல்லை, நீங்க தெருப் பேரைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க!”

மூன்று நாளாக அஷ்வத் பாடுவது இதே பாட்டு. நெல்லை நாளிதழ் ஒன்றின் செயலியை வளர்க்கிறேன் என்று சென்னையிலிருந்து வந்திறங்கியவன். இன்று முதலாளி முன்னாலேயே கெடு வைத்தான். “நாளைக்கு உங்க பட்டியலுக்காக ஆயிரம் பேர் ஆப்பைத் திறக்கணும். இல்லேன்னா பட்டியலும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்மா.”

இருபது வருஷமாகப் பட்டியலைத் தட்டும் பொற்கொடி அசரவில்லை. “சரி சார்” என்றாள்.

மறுநாள் பேப்பரில் பட்டியல் வரும் இடத்தில் ஒரே வரிதான் இருந்தது: ‘இன்று உங்கள் தெருவில் எப்போது கரண்ட் போகும்? நமது செயலியில் பாருங்கள்.’

கிரைண்டரில் அரிசி போடப் போகிறவள் பார்க்காமல் இருப்பாளா? தொட்டி காலியான வீட்டுக்காரர்தான் சும்மா இருப்பாரா? எட்டு மணிக்குள் ஒன்பதாயிரம் பேர் திறந்துவிட்டார்கள்.

அஷ்வத் முதலாளியிடம் ஓடினான். “ஆப்ல நான் போட்ட சினிமா வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுது சார்.”

“அப்படியா சார்?” என்றாள் அங்கே நின்றிருந்த பொற்கொடி. “அப்போ நாளைக்குப் பட்டியலைப் பேப்பர்லயே போட்டுக்கறேன். ஆப்ல உங்க வீடியோ மட்டும் இருக்கட்டும்.”

மறுநாள் ஆப்பைத் திறந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் முப்பது பேர் பட்டியல் எங்கே என்று திட்டி எழுதியிருந்தார்கள். முதலாளி அத்தனையையும் அஷ்வத்துக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

சாயங்காலம் பொற்கொடி பாளையங்கோட்டைத் தெருக்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அஷ்வத் மேஜை ஓரமாக வந்து நின்றான்.

“மேடம், பட்டியலை நாளைக்கு ஆப்புக்கும் கொஞ்சம் குடுங்களேன்.”

பொற்கொடி பட்டியலில் அடுத்த தெருவுக்குப் போனாள்.